சான்றுப் பொருள் எண் 3

தலைமைக் காவலர் ஆபேல்
உறையை மேசையில் வைத்தார்.
அரக்கு முத்திரை சரி. கையெழுத்து சரி.
உள்ளே இருந்தது
தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கி.

வியாசர்பாடி, இரவு பத்தே கால்,
நாலடி தள்ளி ஜெயசீலன்.
சுட்ட டில்லிபாபு
இப்போது ஸ்டான்லி மருத்துவமனையில்
இடக்கையால் இட்லி பிய்க்கிறான்.
ஜெயசீலனுக்குக் காதில் இரைச்சல் மட்டும்.

கையுறை மாட்டி, விளக்கை இழுத்தேன்.

பக்கவாட்டில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்.
ஆங்கிலம் அறியாத உளி
ஓரெழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தது,
ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியதுபோல.
அதன் கீழே ஆறு இலக்க எண்.
போன வருஷம் புழலில் பிடிபட்டதிலும்
அதற்கு முந்தி எண்ணூரில் பிடிபட்டதிலும்
இதே ஆறு இலக்கம்.
என் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.
எண்ணையும் பூவேலை என்று நினைத்துவிட்டான் போல.

பிடியின் அடியில் நகக்கண் அளவு ஒரு சில்லு.
அசல் எங்கேயோ, யார் கையிலிருந்தோ
நழுவி விழுந்தபோது பெயர்ந்தது.
மூன்றிலும் அந்தச் சில்லு இருக்கிறது.
பார்த்துப் பார்த்து, அரம் போட்டு ராவி,
விபத்தையும் விடாமல் பிரதி எடுத்திருக்கிறான்.
அந்த ஓரிடத்தில் மட்டும்
அவன் வேலையில் குறை சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வந்துவிட்டது.
தெரியாதது எதுவும் வரவில்லை.
இரும்பு எந்த உலையில் எவ்வளவு நேரம் தவித்தது,
மயிரிழையை எட்டாய் வகிர்ந்த இடைவெளி
எங்கே வேண்டும், எங்கே கூடாது,
அசலைக் கையில் வைத்துக்கொண்டு
எத்தனை ராத்திரி முறைத்தாலும்
அது சொல்லாது.

உருப்பெருக்கியில்
குழலின் பிளவு பானை ஓடுபோல் சொரசொரத்தது.
உள்ளே ஒரு குமிழ். அரிசி மணியில் பாதி.
பிறந்த அன்றிலிருந்தே
அங்கே காற்று குடியிருந்திருக்கிறது,
வாடகை கொடுக்காமல்.

இங்கே வருமுன் இரண்டு வருஷம்
அம்பத்தூரில் பிரேக் உதிரிபாகம் சோதித்தேன்.
பத்து மைக்ரான் தள்ளினால்
சிவப்புப் பெயிண்ட், சிவப்புத் தொட்டி.
ஷிப்ட் முடிகிற நேரம் சூப்பர்வைசர் வரதராஜுலு கெஞ்சுவார்:
"இம்மாத்தூண்டும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"
வண்டிக்குத் தெரியும் சார்.
பாடி மேம்பாலத்து இறக்கத்தில்,
மழை நாளில், தெரியும்.

இதற்கு அப்படி ஒருத்தி வாய்க்கவில்லை.
இந்த வியாபாரத்தில் கேரண்டி கார்டு கிடையாது,
நுகர்வோர் நீதிமன்றம் கிடையாது,
திருப்பிக் கொடுக்கக்
கையும் கிடையாது.

இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருக்கலாம்
என்று நினைத்தேன்.
உண்மை. பழைய வேலையின் புத்தி.
நினைத்த மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஜெயசீலனின் பெண் எட்டாவது படிக்கிறாள் என்று
ஆபேல் டீ ஆற்றியபடி சொல்லிக்கொண்டிருந்தார்.
அரிசி மணியில் பாதி.
அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு அப்பா.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் கேட்பார்கள்,
இது சட்டப்படி துப்பாக்கிதானா என்று.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து
பழைய இரும்பு, பேரீச்சம்பழத்துக்குக்கூடத் தேறாது என்பார்.
நான் தட்டச்சு செய்தேன்:
'குண்டை வெளித்தள்ளும் திறன் உடையது.'
எந்தத் திசையில் என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

பதிவேட்டில் அதே ஆறு இலக்கம், மூன்றாம் முறை.
ஜன்னல் வழியே மெரினாக் காற்று வந்து
மேசை மேல் எல்லாவற்றிலும் உப்பு தடவியது,
அசல், நகல் பாராமல்.
உறையை மடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி
அரக்கைச் சொட்டவிட்டேன்.

அதுவும் சிவப்புதான்.